வியாழக்கிழமை எங்கள் முறை

டொலிடோ நகர நீதிமன்றம், நான்காம் அறை.
கடைசி பெஞ்சில் நாங்கள் மூன்று பேர்.
பேசக் கூடாது. தொப்பி கூடாது.
ஸ்வெட்டரில் குத்திய மஞ்சள் ரிப்பன்தான்
யாரென்று சொல்லும்.

திங்கள் பாப்டிஸ்டுகள்.
செவ்வாய் போலந்துக் கத்தோலிக்கர்;
தொரோத்தா குபியாக் கோட்டுப் பைக்குள்
சத்தம் வராமல் செபமாலை உருட்டுவாள்.
புதன் மென்னோனைட்டுகள், பிளாஸ்க்கில் சூப்போடு வருவார்கள்,
காவலர் வெளியே வைக்கச் சொல்வார்.
வியாழன் லூத்தரன்கள், நாங்கள்.
வெள்ளிக்கு யார் கிடைக்கிறார்களோ அவர்கள்.

இதற்கே ஒன்றரை வருடம் பேசினோம்.
ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்று
யாராவது ஆரம்பித்துவிடுவார்களோ என்ற பயத்தில்
வெர்னெல் டிப்ஸ் ஒவ்வொரு கூட்டத்துக்கும்
பீச் பழ கேக் சுட்டு எடுத்து வந்தாள்.
வாய் நிறைந்திருந்தால் வாதம் வராது
என்பது அவள் இறையியல்.

வேலை இதுதான்: உட்கார்ந்திருப்பது,
பொது நோட்டில் எழுதுவது.
பெயர். வாடகை பாக்கி. வக்கீல் உண்டா.
எத்தனை நிமிடம்.

நான் சபையின் பொருளாளர், எண்ணிப் பழகிய கை.
ஒரு குடும்பத்தைத் தெருவுக்கு அனுப்ப
சராசரி ஒரு நிமிடம் நாற்பது விநாடி.
எங்கள் காணிக்கைத் தட்டு
முதல் வரிசையிலிருந்து கடைசிக்கு வர
அதைவிட நேரமாகும்.

இரண்டாம் மாதம் ஒரு நாள்
நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
எங்களைப் பார்த்தார்.
அன்று மூன்று நிமிடம் பத்து விநாடி.
"உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று
ஒரு லாரி ஓட்டுநரைக் கேட்டார்.
அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போல.
தொண்டையைச் செருமுவதிலேயே
பாதி நேரம் போய்விட்டது.

பிறகு பிப்ரவரி. மௌமி ஆறு உறைந்து கிடந்தது.
மூன்றாவது வழக்கு.
வாதி: ஹால்டேன் ஹோம்ஸ்.
பிரதிவாதி: கியோஷா பிராம்லெட், இரண்டு குழந்தைகள்,
நவம்பரிலிருந்து ஹீட்டர் ஓடவில்லை,
அடுப்பின் கதவைத் திறந்து வைத்துத்
தூங்கியிருக்கிறார்கள்.

ராய்ஸ் ஹால்டேன் எங்கள் சபை மூப்பர்.
கோயில் கூரை ஒழுகியபோது அவர் எழுதிய காசோலையை
வங்கியில் போட்டவள் நான்.
அதன் எண்கூட நினைவிருக்கிறது.
அந்தக் கூரைக்குக் கீழே நனையாமல் உட்கார்ந்துதான்
யாருக்கு எந்தக் கிழமை என்று பட்டியல் போட்டோம்.

அவர் திரும்பினார். ரிப்பனைப் பார்த்தார்.
ஞாயிறு காலையில் போலவே தலையசைத்தார்.
பழக்கத்தில் என் தலையும் அசைந்துவிட்டது.
அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பேனா நின்றது.
எவ்வளவு நேரம் என்று குறிக்கவில்லை,
அந்த நோட்டில் நான் குறிக்காத ஒரே நேரம் அது.
அப்புறம் எழுதினேன், ஹால்டேன் என்று,
எழுத்துப் பிழையில்லாமல்,
மற்ற முதலாளிகளை எழுதுவது போல.

இரவு போதகர் போன் செய்தார்.
"அந்த ஒரு பக்கத்தை மட்டும்..."
வாக்கியத்தை முடிக்கவில்லை.
நல்ல மனிதர், முடிக்க வாய் வரவில்லை.
"நோட்டு நம்முடையது மட்டுமில்லை, போதகரே.
திங்களன்று வெர்னெல் கைக்குப் போகிறது,
செவ்வாயன்று தொரோத்தா படிப்பாள்" என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது
நாலு சபை எதற்கு என்று.
தனியாக இருந்திருந்தால்
கிழித்திருப்பேன்.

அதன்பின் மூப்பரின் கவர் தட்டில் விழவில்லை.
கணக்கில் துண்டு விழுகிறது.
கோயில் ஹீட்டரை ஆறு டிகிரி குறைத்திருக்கிறேன்,
எல்லாரும் கோட்டைக் கழற்றாமல் பாடுகிறார்கள்;
பாட்டோடு புகை வருகிறது வாயிலிருந்து.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டால் சொல்வேன்.

கியோஷாவின் வழக்கைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.
மார்ச் பன்னிரண்டு.
காலண்டரில் பார்த்தேன்,
வியாழக்கிழமை.